இருபது லிட்டர் சொந்த ஊர்

செவிலிமேட்டில் ஆட்டோவை விட்டுக் காலைக் கீழே வைத்ததும் இரண்டு கேள்விகள் என்னை வரவேற்கும். முதலாவது, "எப்ப வந்தீங்க தம்பி?" பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது, "எப்ப கிளம்புறீங்க?" இரண்டுக்கும் நடுவில் ஒரு மிடறு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. பெட்டி இன்னும் ஆட்டோவில்தான் இருக்கும். உள்ளே தைலப் பாட்டில்களும் சாக்லேட் டப்பாக்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் டீக்கடைக்காரர் என்னை வழியனுப்பியே முடித்திருப்பார்.

16 வருடமாக இதே கேள்விகள். சிங்கப்பூரிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே டாக்சி ஓட்டுகிற சீனப் பெரியவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இந்தியாவா? எப்போ ஊருக்குப் போவே?" என்கிறார். அவர் கணக்கில் என் ஊர் செவிலிமேடு. டீக்கடைக்காரர் கணக்கில் என் ஊர் சிங்கப்பூர். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியதில் நான் வங்காள விரிகுடாவுக்கு மேலே, 35,000 அடி உயரத்தில் குடியேறிவிட்டேன். அங்கேயும் ஜன்னலோர இடம் வேண்டுமானால் தனிக் காசு.

சிங்கப்பூர்த் தமிழில் எனக்கு 'நிரந்தரவாசி' என்று பெயர். வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதியை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டிருந்தால்தான் அந்த நிரந்தரம் நிரந்தரமாக இருக்கும். குடியிருப்பது 11-ஆவது மாடியில், வாடகைக்கு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. ஆகவே காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன வரதர் படம் சமையலறையில் அரிசிக் குக்கருக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. தினம் இரண்டு வேளை அவருக்குச் சோற்று ஆவியில் தூபம்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு தாய் இருக்கிறாள்; செவிலித்தாய். சங்கப் பாடல்களில், வீட்டை விட்டு ஓடிப்போன பெண்ணைத் தேடிக்கொண்டு பாலைவழியில் வருவோர் போவோரையெல்லாம் விசாரிக்கிறவள் அவள்தான். 2008-இல் நானும் ஓடிப்போனேன். எந்தச் செவிலியும் மீனம்பாக்கம் வரை வந்து விசாரித்ததாகத் தகவல் இல்லை. படிப்புக் கடன் பாக்கியிருந்ததால் வங்கிக்காரர்கள் மட்டும் விசாரித்தார்கள்.

நான் போகும்போது செவிலிமேடு பேரூராட்சி. 2011-இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-இல் காஞ்சிபுரமே மாநகராட்சி ஆயிற்று. நான் இல்லாத நேரத்தில் ஊருக்கு இரண்டு பதவி உயர்வு. கப்பல் பட்டறையில் நான் மட்டும் சேர்ந்த நாளிலிருந்து அதே சேஃப்டி சூப்பர்வைசர்.

என் மனைவி ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும்போது நான் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 தடவை "எங்க ஊர்ல…" என்று ஆரம்பிக்கிறேனாம். செவிலிமேட்டில் இருக்கும்போது 19 தடவை "எங்க சிங்கப்பூர்ல…" என்கிறேனாம். "ரெண்டு ஊர்லயும் வாயை மூடிட்டிருந்தா ரெண்டு ஊரும் உங்க ஊர்தான்" என்பது அவள் தீர்ப்பு.

இவ்வளவுக்கும் செவிலிமேட்டில் நான் ஒரு வீடு கட்டியிருக்கிறேன். அப்பாவின் நாட்டு ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் 2015-இல் எழுப்பியது. முழுக்க முழுக்க தொலைபேசியில் கட்டிய வீடு. இந்தியாவில் இரவு 9 மணி என்றால் அங்கே 11:30. நான் கண்ணயரும் நேரம் பார்த்து மேஸ்திரி அழைப்பார்: "சார், கக்கூஸ் கதவு உள்ளாற தொறக்கணுமா, வெளிய தொறக்கணுமா?" தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் உள்ளே என்பேன், மறுநாள் வெளியே என்பேன். அவர் இரண்டையும் மதித்து, இரண்டு பக்கமும் பாதி பாதி திறக்கும் கதவு ஒன்றை மாட்டிவிட்டார்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், சில பல்லிகள் ஆகியோர் வசிக்கிறார்கள். வருடத்துக்கு மூன்று வாரம் நான் போய் வீட்டுக்காரனாக நடிப்பேன். நடிப்பு சுவிட்ச் போர்டு முன்னால் வெளுத்துப்போகும். ஹாலில் ஒரே பலகையில் 14 சுவிட்ச். மூன்று வயது அண்ணன் மகளுக்கு எது எதற்கு என்று தெரியும். கடன் கட்டுகிற எனக்குத் தெரியாது.

போன வைகாசியில் வந்திறங்கிய முதல் ராத்திரி, பாத்ரூம் விளக்கைத் தேடி இரண்டு மணிக்கு அந்தப் பலகையைத் தடவினேன். ஒன்றை அழுத்தினேன், எதுவும் எரியவில்லை. இன்னொன்றை அழுத்தினேன், எரிந்தது. வந்த வேலை முடிந்து படுத்துவிட்டேன். முதலில் அழுத்தியது மோட்டார் சுவிட்ச். மூன்றரை மணிக்கு மாடித் தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை மேல் சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. அக்கினி வெயில் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தெருவே மழை என்று நினைத்தது. ஒரு அம்மாள் ஓடிவந்து கொடியிலிருந்த துணியை அள்ளினார். இன்னொருவர் மாடியில் காய்ந்த வடாத்தைக் காப்பாற்றினார். இரண்டு பையன்கள் நனைய ஆசைப்பட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் மழை பெய்கிறது என்று கண்டுபிடித்ததும் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஓ, சிங்கப்பூர்க்காரர் வந்துட்டாரா!" என்று சொல்லிவிட்டு எல்லாரும் படுக்கப் போனார்கள். அன்றைக்கு 'எப்ப வந்தீங்க' என்று யாரும் கேட்கவில்லை. நேரம் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வீட்டைக் கட்டி நான் செய்த பெரிய காரியம் வேறொன்று. எங்கள் அப்பா 50 வருடம் பட்டு நெய்தவர். பழைய வீட்டின் நடு அறையே தறிதான், குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கு ஒன்று. ஒருவரால் ஆகாது, பக்கத்தில் ஒரு பொடியன் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பொடியன் நான். அப்பா பேசுவது ஒரே வார்த்தை: "தள்ளு." தூங்கி விழுந்தால், "டேய், தள்ளு." உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் இழைக்கு இழை கோத்துப் பிரியாமல் நிற்பதில்தான் காஞ்சிப் பட்டுக்குப் பெயரே. நான் தள்ளிய கரைகள் எத்தனை கல்யாணத்தில் மானம் வாங்கினவோ, தெரியாது.

புது வீட்டில் அந்தக் குழியை மூடி, மேலே வழுவழுவென்று டைல்ஸ் போட்டேன். அதன்மேல் ஒரு சோபா. "இனி நீங்க கஷ்டப்பட வேணாம்பா" என்று போனில் வசனமும் பேசினேன். அப்பா சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். கால் தரையில் இடித்தது. அவர் உடம்புக்கு உட்காருவது என்றால் கால் கீழே இறங்க வேண்டும். கொஞ்ச நாள் வீடெல்லாம் நடந்து, கடைசியில் வாசல் படிக்கட்டைக் கண்டுபிடித்தார். மேல்படியில் உட்கார்ந்து இரண்டு படி கீழே காலை வைத்தால் தறிக்குழியின் ஆழம் கிடைக்கிறதாம். இன்றைக்கும் அவர் வாசம் அங்கேதான். தெருவைப் பார்த்துக்கொண்டே, வலது பாதம், இடது பாதம் என்று இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருப்பார். வீட்டை விட்டு வெளிநாடு போனவன் நான். வீட்டுக்குள்ளேயே வெளிநாடு போனவர் அவர். டிக்கெட் போட்டதும் நான்தான்.

அப்படிப்பட்ட அப்பாவும் அம்மாவும் என்னை நடத்துகிற விதம் இருக்கிறதே! மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது குழாய்த் தண்ணீர் குடித்து நான்கு நாள் படுத்தேன். அதிலிருந்து எனக்கென்று சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் வருகிறது. தனி டம்ளர், அதற்கு மேல் தட்டு. "அவன் வயிறு நமக்கு முன்னாடியே பாஸ்போர்ட் மாத்திடுச்சு" என்பான் அண்ணன். நான் எழுந்தால் அம்மா பதறுவார்: "நீ உட்காருப்பா." தட்டை எடுத்துப் போனால் அண்ணி பிடுங்கிக்கொள்வார்: "குடுங்க தம்பி, இருக்கறதே கொஞ்ச நாள்." உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு அகலமானதுதான் மிச்சம்.

இட்லி விஷயத்தில் இன்னும் அவமானம். சிங்கப்பூரில் காஞ்சிபுரம் இட்லிக்கு நான் அதிகாரபூர்வத் தூதர். மிளகு, சீரகம், சுக்கு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைப்பது, வரதருக்கு நைவேத்தியம் என்று மேசை தட்டிச் சொற்பொழிவு செய்வேன். ஊரிலிருந்த 28 வருடத்தில் அதை நான் தின்றது நாலைந்து தடவைதான். ஊரை விட்டுப் போன பிறகுதான் எனக்கு அவ்வளவு பசி எடுத்தது.

போன வைகாசியில் வந்த மூன்றாம் நாள் என் இடது தோளில் பல்லி விழுந்தது. விழுந்த பல்லிக்கு ஒன்றுமில்லை; அம்மாவுக்குத்தான் படபடப்பு. "போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வா." உலகத்தில் யார் மேல் பல்லி விழுந்தாலும் பரிகாரம் எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில்தான் இருக்கிறது. படியேறி, தலைக்கு மேல் விதானத்தில் ஊர்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போச்சு. வைகாசி பிரம்மோற்சவக் கூட்டம் வேறு. தொட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு செருப்புதான் இருந்தது. பல்லி எச்சரித்தது இதைத்தானோ என்னவோ. ஒற்றைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டுவதைவிட, கையில் எடுத்துக்கொண்டு நடப்பது கௌரவமாகப் பட்டது.

அப்போதுதான் போதிதர்மர் ஞாபகம் வந்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் சீன நண்பரிடம், "உங்கள் போதிதர்மர் எங்கள் காஞ்சிக்காரர் தெரியுமா?" என்று ஒருமுறை பீற்றியிருந்தேன். வழிவழியாகச் சொல்லப்படுவதுதான். அவர் அமைதியாகக் கேட்டார்: "அவர் ஊருக்குத் திரும்பிப் போன கதை தெரியுமா?" எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார். போதிதர்மரைச் சீனாவில் அடக்கம் செய்து மூன்று வருடம் ஆன பிறகு, சோங் யுன் என்ற தூதர் பாமீர் மலையில் அவரைப் பார்த்தாராம். கையில் ஒற்றைச் செருப்பு. எங்கே போகிறீர்கள் என்றால், ஊருக்கு என்றாராம். கல்லறையைத் திறந்தால் உள்ளே மற்றொரு செருப்பு மட்டும் கிடந்ததாம். எங்கள் ஊர்க் கதையின் முடிவை நான் துவாஸ் பட்டறைக் கேண்டீனில், மீன்பந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சரி, நானும் ஒற்றைச் செருப்போடு ஊர் திரும்புகிறேன் என்று கம்பீரமாகத்தான் நடந்தேன். தார்ச் சாலை கொதித்ததில் கம்பீரம் சின்னக் காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் குதியாட்டமாக மாறிவிட்டது.

அந்தக் கோயில் குளத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் மேலும் பொறாமை. குளத்துக்குள்ளேயே வாசம் செய்யும் அத்திவரதர். 40 வருடம் தண்ணீருக்குள். 48 நாள் மட்டும் ஊருக்கு விடுமுறை. 2019 ஜூலை 1-இல் வந்தார். 31 நாள் படுத்துக்கொண்டு, 17 நாள் நின்றுகொண்டு தரிசனம் கொடுத்து ஆகஸ்ட் 17-இல் திரும்பிவிட்டார். அவரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. எப்போதாவது வந்தால்தான் மதிப்பு என்ற ரகசியம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து 2059. அப்போது எனக்கு 79 வயது. அதற்குள் லீவு சாங்ஷன் ஆகும் என்று நம்புகிறேன்.

மறுநாள், மகனுக்கு ஊரைக் காட்டலாம் என்று வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். திருச்சுற்று மதில் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக இருக்கிறது. அதில் ஒரு கதை. கி.பி. 730 வாக்கில் பல்லவ ராஜா வாரிசில்லாமல் இறந்துபோக, பெரியவர்கள் கிளம்பி, வேறு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். அவர் கடல் கடந்த நாட்டில் இருந்தார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அண்ணன்மார் பின்வாங்க, கடைசிப் பையன் "நான் போகிறேன்" என்கிறான். வயது 12. ஆறும் மலையும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து, நந்திவர்மன் என்று முடிசூடி, 65 வருடம் ஆண்டான். கதையைச் சொல்லிவிட்டு அர்த்தத்தோடு என் மகனைப் பார்த்தேன். அவனுக்கும் 12 வயது. நான்கு மணி நேரம் குளிரூட்டிய விமானத்தில் வந்தவன். "அவனுக்கு இங்கே வைஃபை இருந்துச்சாப்பா?" என்றான்.

அவன் தமிழைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர்ப் பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். கோயில் வாசலில் ஆட்டோக்காரரிடம், "ஐயா, பேருந்து நிலையத்திற்குக் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டான். அவர் திகைத்துப்போய் என்னிடம், "தம்பி எந்த ஊரு சார்?" என்றார். இந்த ஊர்தான் என்றேன். நம்பவில்லை. 50 ரூபாய் சேர்த்துக் கேட்டார்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்கள் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் இக்கரையும் மணல், அக்கரையும் மணல். அது நிரம்பி ஓடிப் பார்க்க வேண்டும் என்பது என் பிறவி ஆசை. 2021 நவம்பரில் நிரம்பியது, இரு கரை தொட்டு. நான் 11-ஆவது மாடியில். அப்பா பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வீடியோ கால் போட்டார். பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஏழு நிமிடம், திரை நிறைய அப்பாவின் காது. முடி நரைத்த, மடல் தளர்ந்த, பெரிய காது. பின்னால் 'ஹோ' என்று ஒரு இரைச்சல். "தெரியுதா? தெரியுதா?" என்று கத்தினார். "தெரியுதுப்பா" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகனைச் சாலைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். செவிலிமேட்டின் புகழே அந்தக் கிணறுதான். ராமானுஜர் இளைஞராக இருந்தபோது குருவான யாதவப் பிரகாசரோடு காசிக்குப் புறப்பட்டார். வழியில் தம்பி கோவிந்தன் ரகசியமாகச் சொன்னான்: உன்னைக் கங்கையில் தள்ளிவிடப் போகிறார்கள், ஓடு. விந்தியக் காட்டில் தனியாகத் திக்குத் தெரியாமல் நின்றவருக்கு ஒரு வேடனும் வேடச்சியும் துணை வந்தார்கள். ராத்திரி வேடச்சிக்குத் தாகம். விடிந்ததும் கிணற்றில் இறங்கி ராமானுஜர் கையால் அள்ளிக் கொடுத்தார். மூன்று முறை குடித்தார்கள். நான்காம் முறை ஏறி வந்தால் ஆளைக் காணோம். எதிரில் வந்தவரிடம் எந்த ஊர் என்றால், இது காஞ்சி தெரியவில்லையா என்கிறார். வந்தவர்கள் வரதரும் தாயாரும். அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தினமும் வரதருக்குச் சுமந்தார் ராமானுஜர். வருடத்துக்கு ஒரு முறை வரதரே செவிலிமேட்டுக்கு எழுந்தருளுகிறார்.

மகன் கிணற்றை எட்டிப்பார்த்துவிட்டு, சேஃப்டி சூப்பர்வைசர் மகனுக்குரிய பொறுப்போடு கேட்டான்: "காசிக்குப் போற வழியில தப்பிச்சு, அவ்வளவு தூரம் நடந்து ஊருக்கு வந்தவரை உட்காரச் சொல்லாம, வேலை வாங்கிட்டாங்களா?" பதில் தோன்றவில்லை. "அப்படித்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் கடையில். அப்பா மட்டும் படியில் உட்கார்ந்து காற்றை மிதித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இறங்கியிருந்தது. கேன் போடும் பையன் வேனில் காலிக் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். பாட்டில் தண்ணீர் எங்கே இருக்கும் என்று நான் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "டேய், சும்மாதான நிக்கிற? இத உள்ள மாட்டு."

பேண்ட்டை மடித்துவிட்டுத் தூக்கினேன். பட்டறையில் எடை தூக்குவது எப்படி என்று நான் 200 பேருக்கு வகுப்பு எடுப்பவன். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. முதுகை வளைத்துத்தான் தூக்கினேன். மூடியைக் கிழித்து, ஸ்டாண்டின் மேல் கவிழ்க்கும்போது ஒரு லிட்டர் சட்டையில், ஒரு லிட்டர் டைல்ஸில். கால் வழுக்கியது. கேன் பாதி ஏறி, பாதி என் மார்பில் நின்றது. படியிலிருந்தபடியே அப்பா குரல் கொடுத்தார்: "தள்ளு… டேய், தள்ளு!" தள்ளினேன். 'களக்' என்று உட்கார்ந்தது. உள்ளே நாலைந்து குமிழி மேலே ஏறியது.

கேன்காரப் பையன் காலிக் கேனுக்காக எட்டிப்பார்த்தான். தொப்பலாக நனைந்து, மடித்த பேண்ட்டோடு, வெறுங்காலோடு துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தான். அவன் இந்தப் பக்கம் வண்டி ஓட்ட ஆரம்பித்து ஆறு மாசம்தான் இருக்கும்.

"இன்னா தாத்தா, வேலைக்குப் புதுசா ஆள் வெச்சிருக்கீங்களா?"

அப்பாவின் பாதங்கள் நிற்கவில்லை. வலது, இடது, வலது.

"பழைய ஆளுதான். நடுவுல கொஞ்ச நாள் லீவுல போயிட்டான்."